சமூகப் பணியில் அறநெறி முடிவுகள்

(சித்தூர், திருப்பதி வட்டாரக் களப்பணியை முன்வைத்து, சமூகப் பணி மாணவர்களுக்கும் வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரை)

சமூகப் பணி என்பது இரக்கமுள்ளோர் செய்யும் உதவி என்னும் கருத்து நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இரக்கம் அப்பணிக்கு அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரக்கம் மட்டுமே போதுமெனில் அதற்கெனத் தனிக் கல்வி தேவைப்பட்டிராது. 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் சமூகப் பணிக் கல்விக்கூடம் தோன்றியதும், 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி அமைந்ததும், உதவி செய்வதற்கும் அறிவும் ஒழுங்கும் வேண்டும் என்ற உணர்வின் விளைவுகளே. அவ்வறிவின் கடினமான பகுதி, எது சரி என்று முடிவு செய்யும் பகுதியாகும்.

நல்லதற்கும் தீயதற்கும் இடையே ஒன்றைத் தேர்வதில் பெருஞ்சிக்கல் இல்லை. கையூட்டு வாங்கலாகாது, பயனாளியை இழிவாக நடத்தலாகாது என்பவற்றை விவாதித்து நிறுவ வேண்டியதில்லை. இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதும்போதும், இரண்டு தீங்குகளுள் ஒன்று தவிர்க்க முடியாததாகும்போதும்தான் அறநெறிச் சிக்கல் பிறக்கிறது. இரகசியத்தைக் காப்பதும் கடமை, உயிரைக் காப்பதும் கடமை. இரண்டையும் ஒருசேரக் காக்க இயலாதபோது பணியாளர் என் செய்வது?

எல்லைப்புற மாவட்டத்தின் இயல்பு

இவ்வினாவை ஆராய்வதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரம் பொருத்தமான களமாகும். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேச மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் பலமுறை மாறினும் மக்கள் போக்குவரத்து மாறவில்லை. தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் இப்பகுதிக்கு, திருமலையை நாடி நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர். வருவோர் அனைவரும் வழிபாட்டுக்காக மட்டுமே வருவதில்லை. வேலை தேடி வருவோர், வீட்டைவிட்டு ஓடி வருவோர், உறவினரால் கைவிடப்பட்ட முதியோர் ஆகியோரும் அக்கூட்டத்தில் உண்டு.

இத்தகையோருக்கு உதவும் மரபும் இங்குப் பழமையானது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆதரவற்ற சிறாருக்கென 1943இல் பாலமந்திரத்தைத் தொடங்கியது. 1981இல் திருப்பதியில் உருவான இராயலசீமா சேவா சமிதி, பின்னர் இராஷ்ட்ரிய சேவா சமிதி என்னும் பெயரில் கிராம வளர்ச்சிப் பணிகளை விரிவாக்கியது. 1954இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் திருப்பதியை ஒரு கல்வி நகரமாகவும் ஆக்கியுள்ளன. உதவும் நிறுவனங்கள் பெருகிய இடத்தில், எவ்வாறு உதவுவது என்னும் வினாவும் பெருகுவது இயல்பே. மூன்று சூழ்நிலைகளைக் கொண்டு அவ்வினாவை விளக்கலாம். இவை குறிப்பிட்ட எவரையும் சுட்டாத எடுத்துக்காட்டுகள்.

வாக்குறுதி கேட்கும் சிறுவன்

திருப்பதி ரயில் நிலைய நடைமேடையில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தனியே அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவன் தமிழ் மட்டுமே பேசுகிறான். ஊரைச் சொல்ல மறுக்கிறான். ஓர் உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்துவிட்டது என்கிறான். "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லுங்கள், அப்போதுதான் எல்லாவற்றையும் சொல்வேன்" என்று பணியாளரிடம் கேட்கிறான்.

சட்டம் தெளிவாக உள்ளது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, காப்பாளரின்றிக் காணப்படும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்தவும் வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிறையாத சிறுவனை விடுதி வேலையில் அமர்த்துவதைத் தடை செய்கிறது. ஆகவே அவன் கேட்கும் வாக்குறுதியை அளிப்பதற்கில்லை. அளித்துவிட்டுப் பின்னர் மீறினாலோ, பெரியோரிடம் ஏற்கெனவே நம்பிக்கையிழந்த அச்சிறுவன் மீண்டும் ஒருமுறை ஏமாற்றப்பட்டவனாவான்.

தேர்ந்த பணியாளர் இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காண்பார். "உன் விருப்பப்படியே எல்லாம் நடக்கும்" என்று அவர் சொல்ல இயலாது. "உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன், நீ சொல்வதைக் குழுவின் முன் சொல்ல உனக்கு வாய்ப்பு உண்டு" என்று சொல்ல இயலும். முன்னது பொய், பின்னது காப்பாற்றக்கூடிய உண்மை. குழந்தையின் பங்கேற்பும் குழந்தையின் மேலான நலனும் அச்சட்டமே வகுத்துள்ள அடிப்படை நெறிகளாகும்.

அடுத்த சிக்கல், அவனை எங்கே அனுப்புவது என்பதாகும். குடும்பத்துடன் சேர்த்து வைத்தல் சட்டத்தின் நோக்கம். நிறுவனத்தில் தங்க வைப்பது இறுதி வழியாகவே கருதப்படுகிறது. எனினும் அவன் ஓடி வந்தது அடி பொறுக்காமலா, வறுமையாலா, படிப்பில் ஏற்பட்ட அச்சத்தாலா என்பது தெரியுமுன் ரயிலேற்றி அனுப்பிவிடுவது, தீயிலிருந்து தப்பியவனைத் தீயிலேயே சேர்ப்பதாக முடியலாம். சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்கச் சட்டம் கூறுவது இதனாலேயே. அவ்விசாரணை படிவத்தை நிரப்பும் சடங்காகிவிடலாகாது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு அவனோடு பேசுதல், சொந்த மாவட்டத்தின் நலக்குழு வழியாக வீட்டு நிலையை அறிதல், தேவைப்பட்டால் அவன் மொழி வழங்கும் மாவட்டத்துக்கே அவனை மாற்றுதல் ஆகியவை அறநெறியின் நடைமுறை வடிவங்கள். ஒரு திங்களில் எத்தனை குழந்தைகள் வீடு திரும்பினர் என்ற எண்ணிக்கை அறிக்கையில் இடம்பெறும். அவர்களுள் எத்தனை பேர் மீண்டும் ஓடி வந்தனர் என்ற எண்ணிக்கையையும் அதனருகே எழுதினால்தான் பணியின் உண்மை விளங்கும்.

இரகசியத்தின் எல்லை

இரண்டாவது சூழ்நிலை, மருத்துவமனை சார்ந்த ஆலோசனை மையத்தில் எழுவது. எச்.ஐ.வி. தொற்று உறுதியான கணவர், மனைவிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று ஆலோசகரைக் கேட்டுக் கொள்கிறார். இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லையேல் மக்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். அதே வேளையில் மனைவியின் உயிர் ஆபத்திலிருக்கிறது.

2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்கு வழி காட்டுகிறது. துணைவருக்குத் தொற்று ஏற்படும் கணிசமான அபாயம் இருக்க வேண்டும். தொற்றுள்ளவருக்கு, துணைவரிடம் தெரிவிக்குமாறு முதலில் ஆலோசனை கூறப்பட்டிருக்க வேண்டும். அதன் பின்னரும் அவர் தெரிவிக்கமாட்டார் என்பது உறுதியானால், தாம் தெரிவிக்கப் போவதை அவரிடம் கூறிவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணைவரிடம் நேரில், உரிய ஆலோசனையுடன் தெரிவிக்கலாம். இரகசியத்தை மதித்து, அதன் எல்லையையும் மறைக்காமல் முன்கூட்டியே உணர்த்தும் முறை இது.

இதே நிலையில் தொற்றுள்ளவர் மனைவியாக இருப்பின் என்ன? செய்தி வெளிப்பட்டால் அடிக்கும் வீட்டைவிட்டு விரட்டலுக்கும் அவர் ஆளாகக்கூடும் என்ற நியாயமான அச்சமிருந்தால், துணைவருக்குத் தெரிவிக்கலாகாது என்று அச்சட்டமே விலக்களிக்கிறது. விதி ஒன்றே ஆயினும் அதன் விளைவு எல்லார்க்கும் ஒன்றன்று என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர். ஆயினும் விலக்கு கிடைத்துவிட்டதால் பணியாளரின் கடமை தீர்ந்துவிடாது. அப்பெண்ணுக்குப் பாதுகாப்பான உறைவிடம், தொடர் சிகிச்சை, நம்பத்தக்க உறவினர் ஒருவரின் துணை ஆகியவற்றைத் தேடித் தருவதும், தக்க காலத்தில் அவரே உண்மையைக் கூறும் துணிவைப் பெறச் செய்வதும் எஞ்சியிருக்கின்றன.

தவணையும் தன்மானமும்

மூன்றாவது சூழ்நிலை மகளிர் குழுக்களைச் சார்ந்தது. 1982இல் தொடங்கிய கிராமப்புற மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம் ஆந்திரப் பிரதேசத்தில் பரவலாக வேரூன்றியது. 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு இயக்கம் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் பரவிற்று. 1993 அக்டோபரில் சாராயமும், 1995 ஜனவரியில் மதுவகைகள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. 1997இல் முழு மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. ஒன்றுகூடினால் அரசின் கொள்கையையும் மாற்றலாம் என்ற நம்பிக்கையைப் பெண்கள் அவ்வியக்கத்தில் பெற்றனர்.

அதே ஒற்றுமை பின்னாளில் வேறொரு பயனுக்கும் ஆட்பட்டது. நுண்கடன் நிறுவனங்கள் பெருகியபோது, ஒருவர் தவணைக்கு மற்றவர்கள் பொறுப்பு என்ற ஏற்பாடு, தவணை கட்டாதவர் வீட்டு வாயிலில் அண்டை வீட்டாரையே நிறுத்தியது. வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகவே, 2010 அக்டோபரில் ஆந்திரப் பிரதேச அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது; மறு ஆண்டில் அது சட்டமாயிற்று.

குழுக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் கள ஊழியருக்கு இங்கு இரண்டு கடமைகள் உள்ளன. கடன் ஒழுங்காகத் திரும்பினால்தான் குழுவின் நற்பெயர் நிலைக்கும். மற்றப் பெண்களுக்கும் கடன் கிடைக்கும். மறுபுறம், கணவர் நோயுற்றதால் தவணை தவறிய பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி வசைபாடுவதை அவர் பார்த்துக் கொண்டிருக்கலாகாது. வசூல் விழுக்காட்டைக் கொண்டே ஊழியரின் திறமை அளக்கப்படுமானால், அவர் எப்பக்கம் சாய்வார் என்பது சொல்லாமலே விளங்கும். தனி ஊழியரின் மனச்சான்றை மட்டும் நம்பியிருப்பது போதாது. அம்மனச்சான்று இயங்குவதற்கேற்ற நிருவாக ஏற்பாடும் வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

இம்மூன்று சூழ்நிலைகளிலிருந்தும் பொதுவான சில படிகளைத் தொகுக்கலாம். முதலாவது, உண்மைகளைத் திரட்டுதல். அரைகுறைச் செய்தியின் மீது எடுக்கப்படும் முடிவு நல்லெண்ணத்தால் சரியாகிவிடாது. இரண்டாவது, முடிவினால் பாதிக்கப்படுவோர் யார் யார் என்பதையும், அவர்களுள் தமக்காகப் பேச இயலாதவர் யார் என்பதையும் கண்டறிதல். மூன்றாவது, சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது, எதைப் பணியாளரின் தீர்ப்புக்கு விடுகிறது என்பதை அறிதல். நான்காவது, ஒவ்வொரு வழியின் விளைவையும் எண்ணிப் பார்த்து, தீங்கு மிகக் குறைந்ததும் பின்னர்த் திருத்திக் கொள்ளக்கூடியதுமான வழியைத் தேர்தல். ஐந்தாவது, மேற்பார்வையாளருடன் கலந்து ஆராய்தல். ஆறாவது, முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி வைத்தல். ஏழாவது, குறித்த காலத்துக்குப் பின் அதனை மறுபரிசீலனை செய்தல்.

மேல்நாட்டு அறிஞர் லோவன்பர்க், டோல்காஃப் ஆகியோர் கடமைகளை வரிசைப்படுத்தி, உயிர்ப் பாதுகாப்பை முதலிலும் சமத்துவத்தையும் தன்னுரிமையையும் அடுத்தும் வைத்தனர். இவ்வரிசை கைகொடுக்கும் கோல் போன்றது. நடக்க வேண்டியவர் பணியாளரே. தனிமனிதர் முடிவு பெரும்பாலும் குடும்பத்தின் முடிவாகவே அமையும் நம் கிராமங்களில், ஒருவரது உண்மையான விருப்பத்தைக் குடும்பத்தாரின் குரலிலிருந்து பிரித்துக் கேட்பதே ஒரு தனித்திறனாகும். இந்தியச் சமூகப் பணியாளருக்கென 1997இல் வகுக்கப்பட்ட அறநெறிச் சாற்றுரை, தனியாள் நலத்தோடு விளிம்புநிலை மக்களுக்கான நீதியையும் வலியுறுத்துவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

அலுவலர்களின் பொறுப்பு

மாணவர்கள் கற்க வேண்டியது முறை. அலுவலர்கள் அமைக்க வேண்டியது சூழல். கள ஊழியர் தமது ஐயத்தை வெளிப்படுத்துவது திறமையின்மையாகக் கருதப்படுமாயின், அவர் தனியே முடிவெடுப்பார், தவறினால் மறைப்பார். திங்களுக்கொரு முறையேனும் இலக்குகளைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்து, சிக்கலான நேர்வுகளை மட்டும் ஆராயும் கூட்டம் நடத்தலாம். பெயர்களை நீக்கி அந்நேர்வுகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். எல்லைப்புற அலுவலகங்களில் இருமொழி அறிந்தோரை அமர்த்தலாம். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை.

நடைமேடையில் அமர்ந்திருக்கும் சிறுவனோ, பரிசோதனை முடிவைக் கையில் ஏந்திய பெண்ணோ, தவணை தவறிய குழு உறுப்பினரோ எந்தச் சட்டப் பிரிவின்கீழ் உதவி கிடைக்கிறது என்று கேட்பதில்லை. எதிரே உள்ளவர் உண்மை பேசுகிறாரா, தம் சொல்லைக் கேட்கிறாரா என்பதையே அவர்கள் பார்க்கின்றனர். திட்டங்களின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை அங்கேதான் தொடங்குகிறது. அதனைக் காக்கும் பொறுப்பு கள ஊழியருக்கும் அவரை அனுப்பிய அலுவலகத்துக்கும் பொதுவானதாகும்.