முழங்கால் ஆழக் கடலில் தூண்டில்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



மே மாத விடுமுறையில் நாலைந்து குடும்பமாகத் தொண்டிப் பக்கம் போய்க் கரையில் நின்று தூண்டில் போடலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடியது. குழந்தைகள் இப்போதே யூடியூப் பார்த்துத் தயாராகிவிட்டார்கள். பெரியவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனை அடி தூண்டில் வாங்கணும், எவ்வளவு தூரம் வீசணும்?" தூரமாக வீசவே வேண்டாம் என்று சொல்லத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் பரிகாரம் செய்யப் போனவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள். கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும். இடுப்பளவுத் தண்ணீரில் சுற்றி வருவோம். அதுதான் பாக் விரிகுடா. ராமேஸ்வரத்துக்காரர்கள் இதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடா ஆண் கடல். பெண் கடலில் அலை குறைவு, ஆழம் குறைவு. கரையோரம் வெகுதூரத்துக்கு மணல் திட்டு, கடற்புல், மறுபடி மணல் என்று மாறி மாறி வரும். இறாலும் பொடி மீனும் அந்தப் புல்லில் ஒளிகின்றன. அவற்றைத் தின்ன வரும் மீன் புல்லின் ஓரத்தில் காத்திருக்கிறது. விடியற்காலையில் அது உங்கள் முழங்கால் ஆழத்தில்கூட இருக்கும். நீங்கள் தடதடவென்று இறங்கி, அதன் தலைக்கு மேலே ஐம்பது மீட்டர் வீசினால் எங்கே கடிக்கும்?

இரண்டு மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் ஊருக்கு ஊர் மாறும், கரையில் வலை காயவைக்கும் பெரியவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, தட்டைத் தலை மீன். ஆங்கிலப் பெயரும் அந்த அர்த்தம்தான், ஃப்ளாட்ஹெட். நசுக்கிய மாதிரித் தலை, மணல் நிறம். மணலுக்குள் உடம்பைப் புதைத்து, கண் மட்டும் வெளியே தெரியப் படுத்திருக்கும். பக்கத்தில் இறாலோ பொடி மீனோ வந்தால் ஒரே பாய்ச்சல். தண்ணீர் வடிந்த நேரத்தில் போனால் அது படுத்திருந்த பள்ளம் மணலில் அச்சு மாதிரித் தெரியும். அந்த அச்சுகளைத் தேடுவதே பாதி வேலை. தண்ணீர் திரும்ப ஏறும்போது அதே இடத்துக்கு மீன் வரும்.

இன்னொன்று ப்ரீம். அகலமான தட்டை உடம்பு, வெள்ளியும் கறுப்பும் கலந்த நிறம், முதுகில் குத்தும் முள். வாய்க்குள் கடைவாய்ப்பல் இருக்கும்; நண்டு, சிப்பி எல்லாவற்றையும் நொறுக்கிவிடும். கழிமுகம், பாறை, பாலத் தூண் ஓரங்களில் சுற்றும். ரொம்பச் சந்தேகக்காரன். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தாலே நகர்ந்துவிடும். இதை முதல் நாளே பிடித்தேன் என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன்.

செயற்கை இரையை, அதாவது லூரை, இரண்டு மீனுக்கும் மெதுவாகத்தான் ஆட்ட வேண்டும். ரப்பர் மாதிரியான சாஃப்ட் பிளாஸ்டிக் புழுவோ இறாலோ வாங்கி, ஈயக் குண்டு வைத்த முள்ளில் மாட்டுங்கள். தட்டைத் தலைக்கு 5 கிராம், ப்ரீமுக்கு 2, 3 கிராம் போதும். புல் ஓரமாக வீசி, அடி மணலைத் தொடவிட்டு, கம்பை இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கடிக்கும். நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமே அந்த மூன்று எண்ணுவதுதான். ஏழடி லைட் ராட், 2500 அளவு ரீல் இருந்தால் தாராளம்.

நூல் பற்றி இந்த ஊரில் பேசுவது எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் விளக்க வேண்டியதில்லை. இப்போது எல்லோரும் போடுவது பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிய நூல். டப்பாவில் PE என்று ஆங்கில எழுத்துப் போட்டு 0.6, 0.8, 1 என்று எண் இருக்கும். கடைக்காரர் அதை "தடிமன்" என்பார். உண்மையில் அது நம் டெனியர் கணக்கு. ஜப்பானிய வழக்கப்படி எண் 1 என்றால் 200 டெனியர், அதாவது 9,000 மீட்டர் நூல் 200 கிராம். நமக்கு வேண்டிய 0.8 என்பது 160 டெனியர். 150 மீட்டர் சுற்றினால் கணக்குப்படி 3 கிராம்கூட வராது. அவ்வளவு மெல்லிய நூல் ஒரு பெரிய மீனைக் கரைக்கு இழுக்கிறது. நாம் நிட்டிங்கில் ஓட்டுகிற எந்த நூலும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் உரசினால் அறுந்துவிடும். அதனால் நுனியில் ஒரு மீட்டர் ஃப்ளோரோகார்பன் நரம்பு கட்ட வேண்டும். தட்டைத் தலையின் பல் உப்புத்தாள் மாதிரி, நரம்பைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

வெட்டிய துண்டை எங்கே போடுவீர்கள்? இது எனக்கு முக்கியம். இந்த நூல் மக்காது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் ஆவுளியா என்கிற கடல் பசுவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது அதுதான். அந்தப் பிராணி தின்பது கடற்புல். ஆமைகளும் அந்தப் புல்வெளிக்கு வரும். புல்லில் சிக்கிய நூலும் ரப்பர் புழுவும் அவற்றின் வயிற்றுக்குப் போகும். ஆளுக்கு ஒரு மூடி போட்ட பாட்டில் கொண்டு வாருங்கள், ஒரு சாண் துண்டுகூட அதற்குள்ளேதான். குழந்தைகள் கடல் அட்டை, கடல் குதிரையைப் பார்த்தால் கையால் தொட வேண்டாம். இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜூன் தொடங்கிவிட்டால் உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றும் அதே தென்மேற்குக் காற்று தொண்டியில் கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும். மே மாதத்திலும் அதிகாலையில் நிலக்காற்று அப்படித்தான். அப்போது கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பார்க்க ரொம்பப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் காற்றடைத்த ரப்பர் வளையத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்தால், அது சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆழமில்லையே என்று நாம் கரையில் நின்று லூர் மாட்டிக்கொண்டிருப்போம். அதனால் வளையம், மிதவைப் பொம்மை எதுவும் வண்டியில் ஏறக்கூடாது. பெற்றோர்களே, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தண்ணீரில் நடப்பது எப்படி? காலைத் தூக்கி வைக்காதீர்கள், மணலோடு தேய்த்து நகருங்கள். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். கால் தேய்த்து வந்தால் அது விலகிப் போகும், மேலே மிதித்தால் வால் முள்ளால் குத்தும். எல்லோருக்கும் ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை முக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் டீக்கு மட்டும் இல்லை. அதை அப்படியே ஊற்றிவிடாதீர்கள், குத்துப்படாத இன்னொருவர் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். தட்டைத் தலைக்கும் செவுளோரம் முள் உண்டு; ஈரத்துண்டால் பிடியுங்கள். தூண்டில் முள்ளில் உள்ள எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் குழந்தைகளிடம் கொடுப்பேன். சில மீன் தப்பும், தப்பட்டும். விரலில் ஏறினால் சுலபமாக வரும்.

பிடித்ததில் எதை எடுத்து வருவது? ப்ரீம் இனம் ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறக்கூடியது. நம் ஊர் மீன் கடையில் கிடைக்கும் கொடுவாயும் அப்படித்தான். அப்படியானால் பெரியதையெல்லாம் எடுத்துவிட்டால் முட்டையிட ஆள் இருக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அங்குள்ள தட்டைத் தலை வகை ஒன்றை 36 செ.மீ.க்குக் கீழேயும் 70 செ.மீ.க்கு மேலேயும் எடுத்துப் போகக்கூடாது; நடுவில் உள்ளதுதான் சமையலுக்கு. இது எனக்கு நியாயமாகப் படுகிறது. வண்டியில் ஒரு டேப் இருக்கும். அன்றைக்கு ராத்திரி குழம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும், மற்றதைத் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிடுவோம். ஐஸ் பெட்டி நிறைய மங்கலத்துக்குக் கொண்டுவர ஆசைப்படுபவர்கள் அங்கே ஏலத்தில் வாங்கிக்கொள்ளலாம். கரைக்காரர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். வலை போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீசாதீர்கள். நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய கூலி.

இன்னொரு கேள்வியும் வந்தது: அதுவரை நொய்யலில் பழகலாமா? நமக்கு மேலே கோவையின் கழிவுநீர் கலந்து வருகிறது. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அந்த மீனை நான் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். பழகுவதற்குத் தண்ணீரே தேவையில்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு நம் பின்பக்கக் காலியிடத்துக்கு வாருங்கள். முள் இல்லாமல் வெறும் ஈயக் குண்டு கட்டி, பதினைந்து மீட்டர் தள்ளி வைத்த பிளாஸ்டிக் வாளிக்குள் விழ வைக்க வேண்டும். கம்பு இரண்டு என்னிடம் இருக்கிறது. வாளி யாராவது கொண்டு வாருங்கள்.