எழுவாய் இல்லாச் செய்திகள்

(நெல்லையில் தமிழன்பர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நம் ஊர்ச் செய்தித்தாள்களில் தமிழ்' என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. தமிழாசிரியன் என்ன பேசுவான் என்பதை நீங்கள் முன்னரே அறிவீர்கள். வடசொற் கலப்பு, ஆங்கிலச் சொற் கலப்பு, ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டுகளோடு அடுக்கிவிட்டு அமர்வான் என்று எண்ணியிருப்பீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நானும் அதையே செய்துவந்தேன். இன்றும் அதைப் பேசுவேன். ஆனால் அதனோடு நிறுத்த மாட்டேன். ஏன் நிறுத்த இயலாது என்பதற்கு, என் வாழ்வில் நேர்ந்த ஓர் இழிவையும் ஒளிக்காமல் உங்கள்முன் வைப்பேன்.

முதலில் நாம் பெருமைப்பட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, செய்தித்தாள் நடை எவ்வாறு இருந்தது? அக்கிராசனர், காரியதரிசி, அபேட்சகர், சர்வகலாசாலை, ஜில்லா என்று இருந்தது. திரு.வி.க. 1917-இல் 'தேசபக்தன்' நாளிதழுக்கும், 1920-இல் 'நவசக்தி'க்கும் ஆசிரியராக அமர்ந்து, அரசியலையும் தொழிலாளர் சிக்கலையும் நல்ல தமிழில் எழுத இயலும் என்று நாட்டிற்குக் காட்டினார். 1920-இல் இந் நெல்லை மண்ணில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், 1923 முதல் 'செந்தமிழ்ச் செல்வி'யை வெளியிட்டது. இத்தகையோர் உழைப்பின் விளைவாக அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார், சர்வகலாசாலை பல்கலைக்கழகமாயிற்று, ஜில்லா மாவட்டமாயிற்று. நம்மை எள்ளி நகையாடிய தாள்களே இன்று இச் சொற்களை அச்சிடுகின்றன. இது சிறிய வெற்றியன்று.

எஞ்சியுள்ள குறையும் சிறியதன்று. 1934-இல் தோன்றிய 'தினமணி', 1942-இல் மதுரையில் தோன்றிய 'தினத்தந்தி', 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957-இல் நெல்லைக்கு இடம்பெயர்ந்த 'தினமலர்', 1977-இல் வந்த 'தினகரன்' ஆகிய நான்கின் தலையிலும் 'தின' என்னும் வடசொல்லே முடிசூடி அமர்ந்திருக்கிறது! 'நாள்' என்ற சொல் தமிழனுக்குக் கிடைக்கவில்லை போலும். பெயரே இவ்வாறாயின் உள்ளே கேட்கவேண்டுமா? 'மர்மநபர்' என்று எழுதுகின்றனர். மர்மம் வடமொழி; நபர் அரபுமொழி. திருடன் தமிழ்நாட்டான், திருட்டுப் போனது தமிழன் வீட்டில், ஆனால் திருடனுக்குப் பெயரிட இரண்டு வேற்றுமொழிகள் வேண்டியிருக்கின்றன!

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் இதைச் சொல்லிப் பல மேடைகளில் கைதட்டல் வாங்கியவன். அந்தக் கைதட்டலில் மயங்கியிருந்தபோது நேர்ந்ததைத்தான் இனிக் கூறப்போகிறேன்.

எம் பள்ளியில் கிழமைதோறும் நாளிதழ்த் துணுக்கொன்றை வெட்டி, பிழையுள்ள இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பிழை திருத்துக' என்னும் தலைப்போடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வழக்கம். மாணவர் திருத்தி எழுதிக் கொணர்வர். சில ஆண்டுகளுக்குமுன் ஒருநாள், ஊர்ச் செய்திப் பக்கத்திலிருந்து ஒரு துணுக்கை அவ்வாறு ஒட்டினேன். 'தகவலை தொடர்ந்து' என்றிருந்தது, 'த்' விடுபட்டிருந்தது. அதை வட்டமிட்டேன். 'மர்மநபர்' என்றிருந்தது, அதையும் வட்டமிட்டேன். என் கடமை முடிந்தது என்று வகுப்பிற்குச் சென்றேன்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி என்னைத் தேடி வந்தாள். ஒரு கிழமையாகப் பள்ளிக்கு வராதிருந்தவள். அழவில்லை. நேராக நின்று கேட்டாள்: "ஐயா, எங்கம்மையப் பத்திப் போட்டிருந்ததுல நீங்க எழுத்துப் பிழையத்தான் பாத்தியளா?"

வாய்க்காலில் ஒரு பெண்ணின் உடல் கிடந்ததையும், 'கள்ளக்காதல்' பூசலே அதற்குக் கரணியம் என்று 'கூறப்படுவதையும்' சொன்ன துணுக்கு அது. அந்தப் பெண் அக் குழந்தையின் தாய். தெருப் பெயரோடு போட்டிருந்தார்கள். நான் ஒற்றைக் கண்டேன். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் காணவில்லை. பின்னர் மருத்துவர் ஆய்ந்து சொன்னது என்ன? அந்த அம்மைக்கு வலிப்பு நோய் உண்டு. துணி துவைக்கச் சென்ற இடத்தில் வலிப்பு வந்து நீரில் விழுந்து இறந்தார். பூசலும் இல்லை, காதலும் இல்லை. அந்தத் தாளில் இதைப் பற்றி ஒருவரிகூட வரவில்லை. அக் குழந்தை அவ்வாண்டு முழுவதும் தலைகுனிந்தே பள்ளிக்கு வந்து சென்றாள்.

அவையோரே! 'கள்ளக்காதல்' என்பது என்ன மொழிச் சொல்? கள்ளம் தமிழ். காதல் தமிழ். புணர்ச்சி இலக்கணம் வழுவாது அமைந்த சொல். அதனால்தான் என் சிவப்பு மை அதைத் தீண்டவில்லை! தூய தமிழ்ச் சொல்லாலேயே ஒருத்தியை இறந்தபின்னும் கொல்லலாம் என்பதை, தமிழ் கற்பித்து வாழும் நான் அன்றுதான் கற்றேன்.

அச் செய்தியை எழுதியவரைத் தேடிச் சென்றேன். சினத்தோடு சென்றேன், சினத்தோடு திரும்ப முடியவில்லை. அவரும் என்னிடம் படித்தவர்தாம். திங்கள் ஊதியம் கிடையாது. அச்சேறும் செய்திக்கு அளந்து தரும் சிறுதொகை. விளம்பரம் பிடித்துத் தந்தால் அதில் ஒரு பங்கு. பகலில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். "ஐயா, நிலையத்துக்குப் பேசினேன். அப்படித்தான் இருக்கும்னாங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். அனுப்பிட்டேன்" என்றார். வாய்க்காற்கரைக்குப் போனாரா? போகவில்லை. அந்த வீட்டிற்குப் போனாரா? போகவில்லை. போய்வரும் பேருந்துக் கட்டணத்தை யாரும் அவருக்குத் தருவதில்லை. அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவர் அனுப்பியதைப் படித்துப் பார்த்து அச்சேற்றியவரையும், காசு கொடுத்து வாங்கிப் படித்த நம்மையும் விட்டுவிடுவது நேர்மையாகாது.

அன்று முதல் ஊர்ச் செய்திகளை வேறு கண்கொண்டு படிக்கலானேன். நான் கண்டதை இலக்கணத்தாலேயே விளக்குகிறேன். எனக்குத் தெரிந்த கருவி அது ஒன்றுதான்.

ஒரு தொடருக்கு எழுவாய் வேண்டும். செய்தவன் யார் என்று கேட்டால் விடை வரவேண்டும். செயப்பாட்டு வினையில் எழுதினால், செய்தவனை மூன்றாம் வேற்றுமையில் வைத்து 'ஆல்' உருபு சேர்க்கவேண்டும். 'கண்ணனால் பந்து எறியப்பட்டது' என்று ஆறாம் வகுப்பில் கற்பிக்கிறோம். இனி ஊர்ச் செய்திகளைப் பாருங்கள். 'தடியடி நடத்தப்பட்டது.' யாரால்? 'கடைகள் அகற்றப்பட்டன.' யாரால்? 'நிலம் கையகப்படுத்தப்பட்டது.' யாரால், யாருக்காக? 'கூறப்படுகிறது.' கூறியவர் யார்? 'ஆல்' என்பது இரண்டே எழுத்து. அதை அச்சிடத் தாளும் மையும் மிகுதியாகச் செலவாகா. ஆயினும் வலியவன் செய்தவனாக இருக்கும்போதெல்லாம் அந்த உருபு தொகையாகிவிடுகிறது. எளியவன் செய்தவனாக இருந்தாலோ, அவன் பெயர், தந்தை பெயர், தெரு, அகவை, சில வேளைகளில் குலங்கூட ஒன்றுவிடாமல் எழுவாயாக ஏறி அமர்ந்துகொள்கின்றன!

தன்வினை, பிறவினை வேறுபாட்டையும் பாருங்கள். 'ஆற்றில் சாக்கடை கலக்கிறது' என்று நம் ஊர்த் தாள்கள் எத்தனை முறை எழுதியிருக்கும்! தண்பொருநை என்று தமிழும், தாமிரபரணி என்று வடமொழியும் பெயர் தந்த ஆற்றில், சாக்கடை தானாகவே கால்முளைத்து நடந்துவந்து கலக்கின்றதா? கலக்க விடுவோர் இல்லையா? தடுக்கக் கடமைப்பட்டோர் இல்லையா? 'பொதுமக்கள் அவதி' என்று தலைப்பும், 'நடவடிக்கை எடுக்கப்படுமா?' என்று முடிப்பும் எழுதிவிட்டால் செய்தி முடிந்தது. யார் எடுப்பது என்று கேட்டால்தானே எவரேனும் விடை சொல்ல வேண்டிவரும்!

இந்த ஆற்றங்கரையில் நிகழ்ந்த பெருந்துயரை மறந்திருக்க மாட்டீர்கள். 1999-ஆம் ஆண்டு சூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. காவலர் தடியடி நடத்தினர். பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் ஆற்றில் மாண்டனர். 'ஆற்றில் மூழ்கி 17 பேர் இறந்தனர்' என்று ஒருவன் எழுதலாம். 'காவலர் தடிகொண்டு விரட்ட, ஆற்றில் இறங்கியோர் இறந்தனர்' என்று மற்றொருவன் எழுதலாம். முதல் தொடரில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. கலப்புச் சொல்லும் இல்லை. ஆனால் முதல் தொடரைப் படிப்பவன் ஆற்றின்மீது பழிபோடுவான். இரண்டாவதைப் படிப்பவன் மேலும் கேட்பான். ஒரு தாளின் அறம் இவ்விரண்டு தொடர்களுக்கும் இடையேதான் இருக்கிறது.

இன்னும் முன்னே செல்லுங்கள். வ.உ.சி.யைச் சிறைப்படுத்தியதை எதிர்த்து, 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 13-இல் இந் நகர மக்கள் பொங்கி எழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர் துறந்தனர். ஆங்கில ஆட்சி அதற்கு இட்ட பெயர் 'கலகம்'. நாம் இன்று சொல்லும் பெயர் 'எழுச்சி'. கலகம், எழுச்சி என்னும் சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தால் அந்த நால்வரும் குற்றவாளிகள்; மற்றொன்றைத் தேர்ந்தால் ஈகியர். ஆள்வோர் தரும் சொல்லை அப்படியே வாங்கி அச்சிடும் பழக்கம் அன்று வெள்ளையனுக்குப் பயன்பட்டது. இன்று யாருக்குப் பயன்படுகிறது என்று நாம் கேட்கவேண்டாவா?

வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். புறங்கூறாமைக்கு ஒன்று, பயனில சொல்லாமைக்கு ஒன்று வகுத்தார். சொல் எம்மொழியிற் பிறந்தது என்பதற்கு அவர் அதிகாரம் வகுக்கவில்லை. சொற்றூய்மை வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. என் மூச்சுள்ளவரை 'நபர்' என்று எழுத மாட்டேன். ஆனால் சொற்றூய்மை என்பது வீட்டைக் கூட்டித் துடைப்பது. வாய்மை என்பது அந்த வீட்டில் விளக்கேற்றுவது. துடைத்த வீட்டில் இருளில் அமர்ந்திருப்பது தனித்தமிழ் இயக்கமாகாது. இன்று கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் செய்தியாளர்; புலனத்திலும் வலையொளியிலும் நொடிக்கொரு 'பரபரப்பு'. இந் நிலையில் நம் பொறுப்பு பன்மடங்காகிறது.

செய்யத்தக்கவை மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: ஆசிரியப் பெருமக்களே, கிழமைக்கொருமுறை ஊர்ச் செய்தியொன்றை வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். 'ஒற்று எங்கே?' என்று கேட்டபின், 'எழுவாய் எங்கே? ஆல் உருபு எங்கே? இதைக் கூறியவர் யார்? எதிர்த்தரப்பாரிடம் கேட்டார்களா?' என்றும் கேளுங்கள். ஒரு தலைமுறை இவ்வாறு கேட்டு வளர்ந்தால் தாள்கள் தாமே திருந்தும்.

இரண்டு: ஒரு குடும்பத்தின் மானத்தைப் பொய்ச்செய்தி கெடுத்தால், அஞ்சலட்டை எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும். இந்த அவையிலுள்ள அனைவரும் எழுதினால் அவ்வாறு போகாது. 'கள்ளக்காதல்' என்னும் சொல்லை இனி அச்சிடாதீர் என்று எழுதுங்கள். தமிழ்ச்சொல்லொன்றை விலக்கக் கோருவதில் நமக்கு நாணமில்லை.

மூன்று: நல்ல செய்தி எழுதுபவரைத் தேடிச்சென்று பாராட்டுங்கள். வெயிலில் நின்று, இரு தரப்பையும் கேட்டு, உறை வாங்காமல் எழுதுகின்ற இளைஞர்களும் இந் நகரில் உள்ளனர். அவர்களுக்குக் கூலி தருவோர் குறைவு. நன்றி சொல்வோர் அதனினும் குறைவு.

அந்த மாணவி இன்று செவிலியாகப் பணிபுரிகிறாள். சென்ற ஆண்டு வழியிற் கண்டபோது, "தமிழையா, இன்னும் பலகையில ஒட்டுதியளா?" என்று கேட்டாள். ஒட்டுகிறேன் என்றேன். ஒட்டுவதற்குமுன் முழுவதும் படிக்கிறேன் என்பதையும் சொன்னேன். தலையசைத்துவிட்டுப் பேருந்தேறிச் சென்றாள்.

அவள் கேட்ட முதல் கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. இவ்வுரை அதற்கான விடையின் தொடக்கம் என்று கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க வாய்மை!