சொந்தப் பணத்தில் ஓடிய கார்கள்

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை வரும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைகளுக்கு அப்பாலிருந்து ஆயிரம் வண்டுகள் ஒருங்கே முரல்வது போன்ற ஓசை எழும். அது மோட்டார்ப் பந்தயத்தின் ஓசை. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் களம் அங்கே 1990இல் திறக்கப்பெற்றது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். அவ்வோசையைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. இந்த வேகத்துக்கு விலை கொடுத்தவர் யார்?

விடை தேட, அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் வழியாக வடக்கே சோழவரம் செல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானத் தளம் ஒன்று அமைந்தது. போர் ஓய்ந்தபின், விமானம் ஓடிய பாதையில் கார்கள் ஓடின. இருங்காட்டுக்கோட்டைக் களம் வரும்வரை சென்னையின் பந்தயப் புகழ் சோழவரத்தின் புகழே.

வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது அரிதாயிருந்த காலம் அது. ஆகவே, பலர் ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு போன்ற உள்நாட்டுக் கார்களையே பந்தயத்துக்குப் பழக்கினர். இருக்கைகளைக் கழற்றி எடையைக் குறைப்பார்கள். சிலிண்டர் மூடியின் அடிப்புறத்தைச் சிறிது கடைந்தெடுத்து, உள்ளே காற்றும் பெட்ரோலும் மேலும் இறுக்கமாக அழுந்தும்படி செய்வார்கள். அதனால் எஞ்சினின் ஆற்றல் கூடும், சூடும் கூடும், எஞ்சின் முறியும் அபாயமும் கூடும். முறிந்தால் நட்டம் அவரவர் பணப்பைக்கே.

செல்வர்களும் வந்தார்கள். கோண்டல் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் அயல்நாட்டுப் பந்தயக் கார்களுடன் வந்தார். 1980களில் விஜய் மல்லையா, என்சைன் என்னும் ஃபார்முலா ஒன் காரையே அங்கு ஓட்டினார். மக்கள் வியந்து பார்த்தனர். ஆனால் வாங்கிய வேகம், வாங்கியவரோடு வந்து அவரோடே சென்றுவிட்டது.

பணத்துக்கு வேறொரு பயனும் உண்டு. இங்கிலாந்தில் ராப் வாக்கர் என்ற செல்வர் இருந்தார். 1939இல் லெ மான் பந்தயத்தில் தாமே ஓட்டியவர். பின்னாளில் தம் காரைப் பிறர் கையில் கொடுத்தார். 1958இல் அர்ஜெண்டினாவில், அவருடைய சிறிய கூப்பர் காரில் அமர்ந்த ஸ்டர்லிங் மாஸ், டயர் மாற்ற நிற்காமலே ஓடி, பெரும் நிறுவனமான ஃபெராரியின் கார்களை வென்றார். 1968இல் பிரிட்டனில், வாக்கர் குழுவின் லோட்டஸ் காரில் ஜோ சிஃபர்ட் வென்றார். தனியார் குழுவொன்று ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பெற்ற கடைசி வெற்றிகளுள் அது எண்ணப்படுகிறது.

நம் நாட்டில் இவ்வழியை இன்னும் விரிவாக்கியவர் கோவை எஸ். கரிவரதன். அவரும் செல்வக் குடியில் பிறந்தவர். தாமே காரோட்டி வென்றவர். ஆயினும் தமக்கு ஒரு கார் போதும் என்று அவர் அமையவில்லை. சாலையில் நாம் அன்றாடம் கண்ட மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்துக்கொண்டார். மூன்று சிலிண்டர், 796 சி.சி., அவ்வளவுதான். அதைக்கொண்டு ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே வகைக் கார். பணப்பையின் கனத்தைக் குறைத்து, கையின் திறமைக்கு இடம் கொடுத்த ஏற்பாடு அது.

1995இல் சிறு விமான விபத்தொன்றில் கரிவரதன் உயிர்நீத்தார். ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை. இளமையில் ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டன் குழுவில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியரானார்.

நேயர்களே, ஒருவர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிடலாம். அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை. எனினும், தமக்கென வாங்கிய கார் துருப்பிடித்துவிடும்; பிறருக்கென ஒதுக்கிய இருக்கை நிலைக்கும். இருங்காட்டுக்கோட்டையின் ஓசை இனி உங்கள் செவியில் விழுந்தால், வென்றவர் யார் என்பதோடு, அவருக்கு இருக்கை தந்தவர் யார் என்றும் கேட்டுப்பாருங்கள்.