வேண்டாம் என்றால், ஏன் என்றும் சொல்வோம்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். மேடைப் பழக்கம் கிடையாது. "பிள்ளைங்களைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். இந்த வருடம் உங்களில் பல வீடுகளில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிப் பேசுகிறேன். லபுபு பொம்மை.

முயல் காது, கூரான பல் வரிசை, பள்ளிப் பையில் தொங்குமே, அதுதான். ஹாங்காங்கில் பிறந்த காசிங் லங் என்ற ஓவியர் 2015-இல் படக்கதைக்காக உருவாக்கியது. 2019 முதல் பாப் மார்ட் என்ற சீன நிறுவனம் பொம்மையாக விற்கிறது. 2024-இல் லிசா என்ற பாடகியின் கையில் பார்த்ததும் உலகமே கேட்க ஆரம்பித்தது. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் நாலடி உயரப் பொம்மை ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. நம் பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி!

பொம்மை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை விற்கும் முறைதான் உறுத்துகிறது. மூடிய பெட்டியில் வருகிறது. உள்ளே எது இருக்கும் என்று தெரியாது. அரிய வகை ஒன்று 72 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். பெட்டி ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும், 72 பெட்டிக்கு 72,000 ரூபாய். அத்தனை வாங்கினாலும் அது கிடைக்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு.

நாம் சின்ன வயதில் பெட்டிக்கடையில் பிரைஸ் சீட்டு கிழித்தோமே, அதே ஆட்டம்தான். ஷூ கம்பெனிச் சம்பளத்தை வாங்கிய கையோடு லாட்டரிக் கடைக்குப் போனவர்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. சீனாவிலேயே 2023-இல், எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இப்படி மூடிய பெட்டி விற்கக் கூடாது என்று விதி போட்டார்கள்.

ஆகவே வேண்டாம் என்று சொல்லலாம். எப்படிச் சொல்வது? அதில் நான் தவறியவன்.

என் மகன் நாலாவது படிக்கும்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு பைத்தியம் ஊரையே பிடித்திருந்தது. கேட்டான். "காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கத்தினேன். ஒரு வாரம் கழித்து என் சட்டைப் பையில் பத்து ரூபாய் குறைந்தது. அவன் நண்பர்கள் முன்னாலேயே அடித்தேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. பையன் திருந்திவிட்டான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இன்று அவன் மகள் எதைக் கேட்டாலும் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுகிறது. "ஏன்டா இப்படி?" என்றேன். "நான் கேட்டு வாங்கின அடி அவளுக்கு வேணாம்பா" என்றான். என் அன்றைய மறுப்புதான் அவனுக்கு மறுக்கவே தெரியாமல் செய்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

வங்கியில் ஒரு காசோலையைத் திருப்பினால் காரணம் எழுதிய சீட்டையும் இணைத்துத் தர வேண்டும். கையெழுத்து பொருந்தவில்லை, இருப்பு போதவில்லை, ஏதாவது ஒன்று. முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்கு அந்த மரியாதை கொடுத்தேன். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

போன தீபாவளிக்குப் பேத்தி லபுபு கேட்டபோது, 72 துண்டுச் சீட்டு வெட்டி, ஒன்றில் மட்டும் சிவப்புப் புள்ளி வைத்து, தூக்கில் போட்டுக் குலுக்கினேன். எடுத்துப் பார், பார்த்துவிட்டுத் திரும்பப் போடு என்றேன். நாற்பது தடவை எடுத்தாள். புள்ளி வரவில்லை. "ஒவ்வொரு தடவைக்கும் அப்பா ஆயிரம் ரூபாய் தரணும். அதான் வேணாம்ங்கறேன்" என்றேன். அவள் உடனே ஒப்புக்கொண்டாள் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நானும் பேச்சை மாற்றவில்லை, திட்டவும் இல்லை. மூன்றாம் நாள் செஸ் ஆட வந்தாள்.

கூடத்திலிருந்து மகன் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் இப்படிச் சொல்லியிருந்தா உங்க சட்டைப் பையில கை வெச்சிருக்க மாட்டேன்பா" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டாக மூடிய பெட்டிப் பொம்மை வேண்டாம். ஒரு வீட்டில் கொடுத்தால் பத்து வீட்டில் அழுகை. இரண்டு, எந்தப் பொம்மை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். திருவிழாக் கடையில் கிடைக்கும் போலிகளில் பெரும்பாலும் இருக்காது. மூன்று, வேண்டாம் என்றால் குரலை உயர்த்தாமல் காரணம் சொல்லுங்கள். காரணம் கிடைக்கவில்லை என்றால், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.