குளம் நிரம்புமுன் விதைத்தல்



குளம் நிரம்பட்டும், பிறகு வயலில் இறங்குவோம் என்பது சிறு குளங்களின் கீழ் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அவ்வழக்கத்தால் நமக்கு நேரும் நட்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

உலர் வலயத்து மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை பெய்கின்றது. அம்மழையைக் குளத்தில் தேங்கவிட்டு, மார்கழியிற் சேறடித்து, நான்கு மாத நெல்லை விதைக்கின்றோம். சேறடிப்பதற்கே குளத்து நீரிற் பெரும்பங்கு செலவாகிவிடுகின்றது. மழை ஓய்ந்தபின் கதிர் தள்ளும் வேளையில் மடையைத் திறந்தாற் போதிய நீர் வருவதில்லை. பதரை அறுத்தவர்கள் இங்கும் சிலர் இருப்பீர்கள்.

மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தார் இதனை ஆராய்ந்தனர். நிலையத்துப் பாத்தியில் விளைந்தது கமக்காரனின் வயலில் விளையுமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆகவே 1970களின் நடுப்பகுதியில் அவர்கள் அநுராதபுர மாவட்டத்திலுள்ள வலகம்பாகுவக் கிராமத்துக்கே சென்று, அங்குள்ள கமக்காரர்களோடு சேர்ந்து, அவர்களுடைய வயலிலேயே முறையை மாற்றிப் பார்த்தனர். குளத்து நீருக்குக் காத்திராமல், ஒக்டோபர் மழையை எதிர்நோக்கிப் புழுதியில் விதைத்தனர். பீ.ஜீ. 34-8 என்னும் மூன்று மாத நெல் அதற்குப் பயன்பட்டது. பயிர் மழையிலேயே வளர்ந்தது. குளத்து நீர் இடையில் ஏற்படும் வறட்சிக்கு மட்டுமே தேவைப்பட்டது. மிஞ்சிய நீர் சிறுபோகத்துக்கு உதவிற்று.

புழுதி விதைப்பு யாழ்ப்பாணத்தாருக்கும் வன்னியாருக்கும் புதிதன்று. நம் பாட்டன்மார் செய்ததே. குறுகிய வயதுடைய நெல்லினம்தான் புதிது. இன்று மூன்று மாதத்துக்குப் பீ.ஜீ. 300 உண்டு; இரண்டரை மாதத்தில் விளையும் பீ.ஜீ. 250 உம் உண்டு.

இம்முறையில் இடர் இல்லையென்று நான் கூறமாட்டேன். முதலாவது இடர், களை. வயலில் நீர் நில்லாதபடியால் நெல்லோடு புல்லும் முளைக்கும். சேற்று விதைப்பிலே நீரே பாதிக் களையை அடக்கிவிடும். இங்கே அவ்வுதவி இல்லை. முளைத்த முதல் மூன்று நான்கு வாரத்தினுள் களையை அகற்றாதவர், இம்முறையைக் குறைகூற உரிமையற்றவர்! இரண்டாவது, முளைத்த பின் மழை பின்வாங்குதல். அதற்காகவே குளத்தில் உள்ள சிறிதளவு நீரையும் காத்துவைக்க வேண்டும்.

உழவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் ஒட்டும். உழவுக்கு ஏற்ற பதம் சில நாட்களே நிற்கும். ஆகையால் முன்மழை ஒன்று கிடைத்ததும், அது சிறிதேயாயினும், உழுதுவிடுங்கள். ஏக்கருக்கு இரண்டு புசல் நல்ல விதை போதும். யூரியாவை ஈரமில்லாத மண்ணில் இடுதல் வீண்செலவு; மழை பெய்து பயிர் பிடித்தபின் இடுக.

இன்னொன்று. இவ்விதைப்பைத் தனியொருவர் செய்தல் கடினம். ஒருவர் ஐப்பசியிலும் அயலவர் மார்கழியிலும் விதைத்தால், ஒருவரது அறுவடை வேளையில் மற்றவர் நீர் கேட்பார். கட்டாக்காலி மாடுகளும் முதற்பயிரையே தேடி வரும். எனவே காலபோகக் கூட்டத்தை ஆவணியிலேயே கூட்டி, விதைப்பு நாளையும் மாடு கட்டும் நாளையும் ஒன்றாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தையில் அறுவடை முடிந்ததும் குளத்தில் எஞ்சிய நீரை அளந்து பார்த்து, நெல்லுக்குப் போதாதாயின் பயறோ கௌபியோ இடலாம். உங்கள் வயலுக்கு எந்த இனம் ஏற்றதென்பதை விதைக்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.