கைபேசிக்குள் ஒற்றன்
(மதுரையில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய சி.ஐ.டி.யை நாம் அறிவோம். மில் வாசலில் நிற்பான். கூட்டத்து மூலையில் குறிப்பெழுதுவான். 1946 டிசம்பரில் வெள்ளையர் சர்க்கார் தோழர் பி. ராமமூர்த்தி முதலானோரை மதுரைச் சதி வழக்கில் சிறையிலடைத்தது. பொய் வழக்கு நிற்கவில்லை. 1947 ஆகஸ்டு 14-ல் அவர்கள் விடுதலையானார்கள்.

பொய்ச்சாட்சி குறுக்கு விசாரணையில் உளறுவான். கம்ப்யூட்டரில் ஒளித்து வைத்த பொய்க் கடிதம் உளறாது. இதுதான் இன்றைய ஆபத்து.

திருச்சிச் சீமை விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சாமி, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காகப் பாடுபட்டவர். 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5-ல், 84 வயதில், காவலிலேயே மாண்டார். இணையத்தின் வழியே யாரோ அவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அவரறியாமல் ஃபைல்களை வைத்துவிட்டார்கள் என்று, எதிரிகள் தரப்பு வழக்கறிஞர்கள் அமர்த்திய அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆர்சனல் 2022 டிசம்பரில் அறிவித்தது. தேசியப் புலனாய்வு முகமை இத்தகைய ஆய்வுகளை ஏற்கவில்லை.

இஸ்ரேலின் பெகாசஸ் உளவுக் கருவியோ, நாம் எதையும் தொடாமலே கைபேசிக்குள் நுழையும். அதை விசாரித்த குழுவுக்கு மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2022 ஆகஸ்டில் சொன்னது.

பயந்து கைபேசியை வீசுவதா? ஷிப்ட் சேதியும், மேலூர் வயலுக்கு நடவுக்கு ஆள் கூப்பிடுவதும் அதில்தானே! தெரியாதவன் அனுப்பும் ஃபைலைத் திறக்காதீர்கள். சங்க உறுப்பினர் பட்டியலை அதில் பரப்பாதீர்கள்.

இன்று ஒட்டுக் கேட்க உத்தரவிடுபவர் உள்துறைச் செயலாளர், நீதிபதி அல்ல. நீதிபதி உத்தரவின்றி ஒட்டுக் கேட்காதே! இந்தக் கோரிக்கையை மில் தோறும், கிராமந்தோறும் முழங்குவோம்.