தூரிகையும் துடிப்பறியும் விரலும்

(பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நமது மத்ரஸா மண்டபத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். மத்ரஸாவில் ஓதி வந்த நமக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். ஆயினும் பிள்ளைகளின் படிப்பு பற்றிய மனக்குழப்பங்கள் கல்லூரி வாசலுக்குச் செல்வதற்கு முன் பள்ளிவாசல் திண்ணைக்குத்தான் வருகின்றன. அவ்வாறு வந்த ஒன்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த சில தினங்களில், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு தந்தை நம்மைச் சந்தித்தார். கையில் ஒரு வரைபட நோட்டு. "ஹஜ்ரத், என் மகள் டாக்டராக வேண்டும். அவளோ எப்போதும் வரைந்துகொண்டே இருக்கிறாள். இது ஹராம் என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திவிடுங்கள்" என்றார். நோட்டைப் புரட்டினோம். குர்பானி ஆட்டின் இதயம் பென்சிலால் வரையப்பட்டிருந்தது. இரத்தக் குழாய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதற்கு அம்புக்குறி இட்டுப் பெயரும் எழுதியிருந்தார் அப்பெண். அடுத்த பக்கத்தில் ஒரு முதிய கை. அதன் புறங்கையில் சொட்டு மருந்து ஏற்றும் ஊசி, அதன் மேல் பிளாஸ்திரி. மருத்துவமனையில் இருந்த பாட்டியின் கை அது என்று தந்தையே கூறினார்.

தந்தை வேண்டிய அந்த வார்த்தையை நாம் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நமது மக்தபில் ஓதிய ஒரு சிறுவர், பாட நோட்டின் ஓரத்தில் ஒரு பறவையை வரைந்திருந்தார். எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அவரைக் கடிந்து, அந்தத் தாளைக் கிழித்தோம். மறுநாள் அவர் நோட்டைக் கொண்டுவரவில்லை. சில மாதங்களில் மக்தபுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மார்க்கத்தின் பெயரால் நாம் காட்டியது அறிவன்று, அவசரம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக. அந்தத் தவற்றை ஒப்புக்கொண்ட பின்னரே மற்றவற்றைப் பேசும் தகுதி நமக்கு வரும்.

அன்பர்களே! உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து உலமாக்களிடையே விரிவான கருத்துகள் உண்டு. அதில் ஃபத்வா வழங்குவது இன்றைய நோக்கமன்று. மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்து பிழைக்குமாறு ஓர் ஓவியருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மருத்துவம் கற்பது போன்ற தேவைகளுக்காக உடலுறுப்புகளை வரைவதை அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். ஆகவே, ஓவியம் என்றாலே விலக்கப்பட்டது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நேர்மையாகாது.

நம் முன்னோர் அவ்வாறு முடிக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், முப்பது பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவ நூலை இயற்றினார்கள். அறுவை மருத்துவம் பற்றிய அதன் இறுதிப் பகுதியில் ஏறத்தாழ இருநூறு கருவிகளின் வரைபடங்கள் இடம்பெற்றுள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அப்பகுதி இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் பயிலப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஈரானின் ஷீராஸ் நகரத்து மருத்துவர் மன்ஸூர் இப்னு இல்யாஸ் அவர்கள், எலும்பு, நரம்பு, தசை, இரத்தக் குழாய் ஆகியவற்றை முழு மனித உடலின் வண்ணப் படங்களாக வரையச் செய்து நூலாக்கினார்கள். எழுத்தால் மட்டும் உணர்த்த முடியாததைக் கோடு உணர்த்தும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தொலைவில் உள்ள குர்துபாவும் ஷீராஸும் இருக்கட்டும்; நமது சென்னைக்கு வருவோம். பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று இன்று அழைக்கப்படும் பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலையில், 1835இல் தொடங்கப்பட்ட சென்னை மருத்துவக் கல்லூரி உள்ளது. அதே சாலையில் சற்றுத் தொலைவில் அரசு கவின் கலைக் கல்லூரி உள்ளது. அந்த ஓவியக் கல்லூரியை 1850இல் தோற்றுவித்தவர் யார் தெரியுமா? அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர்! நோயாளியின் உடலைக் கையாண்ட அதே கைதான் இந்நாட்டின் மிகப் பழமையான ஓவியப் பள்ளிகளுள் ஒன்றைக் கட்டியது.

அமெரிக்காவில் ஃபிராங்க் நெட்டர் என்பவர் முதலில் ஓவியம் பயின்றார். அவர் தாயாரோ மகன் மருத்துவராக வேண்டும் என்று விரும்பினார். அவ்வாறே மருத்துவமும் பயின்றார். ஆனால் தூரிகையை விடவில்லை. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் மருத்துவத் தொழிலைவிட அவருடைய படங்களே அவருக்குச் சோறு போட்டன. 1989இல் வெளிவந்த அவருடைய உடற்கூற்றுப் படநூலை இன்று நமது நாட்டின் மருத்துவ மாணவர்களும் விரித்துவைத்துப் படிக்கிறார்கள்.

இவற்றைக் கூறுவது, உங்கள் பிள்ளையும் நெட்டராக வேண்டும் என்று புதியதொரு சுமையை ஏற்றுவதற்காக அன்று. இரண்டு விருப்பங்களும் ஒரே உள்ளத்தில் இருப்பது நோயன்று என்பதை உணர்த்துவதற்காகவே.

இனி, தேர்வு எவ்வாறு செய்வது? இரண்டையும் ஒரே காலத்தில் முழுநேரமாகப் படிக்க இயலாது. எம்.பி.பி.எஸ். என்பது நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் ஆகும். கவின் கலைப் பட்டம் நான்கு ஆண்டுகள். எனவே ஒன்று தொழிற்கல்வியாகவும் மற்றொன்று துணையாகவும் அமைய வேண்டும். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மருத்துவத்தைப் பொழுதுபோக்காகக் கற்க முடியாது. ஓவியத்தைக் கல்லூரிக்கு வெளியிலும் உயிரோடு வைத்திருக்க முடியும். ஆகவே பிள்ளைக்கு இரண்டிலும் மெய்யாகவே சமமான நாட்டம் இருக்குமானால், மருத்துவத்திற்கு முதலில் முயல்வது தகும். ஆனால் மருத்துவம் தந்தையின் நாட்டமாகவும், ஓவியம் மட்டுமே பிள்ளையின் நாட்டமாகவும் இருக்குமானால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது ஓவியக் கல்லூரியே அப்பிள்ளையின் உரிய இடம்.

இதை அறிய ஒரு வழி சொல்கிறோம். ஒரு நாள் காலையில் பிள்ளையை அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதிக்கு அழைத்துச் சென்று இரண்டு மணி நேரம் அமர வையுங்கள். இன்னொரு நாள் கும்பகோணத்திலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரிக்கு அனுமதி பெற்று அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும், "எதை விட்டால் உனக்கு அதிகம் வருத்தமாக இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

மருத்துவமே என்று முடிவானால், நீட் தேர்வின் மதிப்பெண்தான் வழி. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து 720 மதிப்பெண்கள். நம் பகுதியினர் முதலில் பார்க்க வேண்டியது அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. அடுத்து, திருச்சியிலும் தஞ்சையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள். பெரம்பலூர் மாவட்டத்தில் சிறுவாச்சூரில் இருப்பது தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கல்விக் கட்டணம் ஆயிரங்களில் அடங்கும். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலோ அது பல இலட்சங்கள். வீட்டை விற்று, வட்டிக்கு வாங்கி இடம் பிடிப்பதைவிட இன்னும் ஓர் ஆண்டு முயல்வது மேல். 2022 முதல் இத்தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை.

உரிமைகளையும் அறிந்துகொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007 முதல் தமிழகத்தில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய சாதிச் சான்றிதழில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்ற விவரம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கலந்தாய்வின் முதல் நாள் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத இடங்கள் உள்ளன. அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

வரையும் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி அந்நியமான இடமன்று. முதலாண்டு உடற்கூற்றியலில் எலும்புகளையும் உறுப்புகளையும் வரைந்தே பதிவேடு நிரப்ப வேண்டும். நுண்ணோக்கியில் கண்ட திசுக்களை இளஞ்சிவப்பு, ஊதா வண்ணப் பென்சில்களால் வரைவார்கள். நமது நோட்டுக்காரப் பெண்ணுக்கு அது தண்டனையாக இராது, பெருநாளாக இருக்கும்! கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பயணத் தொலைவையும் எண்ணிப் பாருங்கள். அன்றாடம் மூன்று மணி நேரம் பேருந்தில் கழியுமானால், முதலில் கைவிடப்படுவது தூரிகைதான்.

ஓவியமே என்று முடிவானால், கும்பகோணம், சென்னை ஆகிய இரு அரசுக் கல்லூரிகள் உள்ளன. ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு முதலிய பிரிவுகள் அங்குண்டு. சேர்க்கைக்கு வரைதிறன் சோதனை உண்டு. ஆகையால் பிள்ளை வரைந்த தாள்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்! புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடமும், ஜிப்மர் மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில் இருக்கின்றன.

இரண்டுக்கும் இடையில் பாலமாக அமையும் படிப்புகளும் உண்டு. பல் மருத்துவத்தின் முதலாண்டில் மெழுகில் பற்களைச் செதுக்கக் கற்பிக்கிறார்கள். செயற்கைக் கை, கால் செய்யும் துறைக்கும், விபத்தில் சிதைந்த முகத்தைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்திற்கும் சிற்பியின் கண் வேண்டும். மருத்துவ நூல்களுக்குப் படம் வரைவதே ஒரு தனித் தொழில். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் 1911 முதல் அதற்கெனத் துறையே இயங்குகிறது. நீட் மதிப்பெண் கைகொடுக்காத வீட்டில் இந்தப் பட்டியல் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பெற்றோர்களே! அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா என்னும் மகளை 2017 செப்டம்பர் முதல் நாள் நாம் இழந்தோம். பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண்கள் பெற்ற பிள்ளை. நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிள்ளை. அரியலூர் மருத்துவக் கல்லூரி அரங்கத்திற்கு 2023இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அக்குடும்பத்தின் துயரத்தை அலசும் உரிமை நமக்கில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடும் உரிமையும் நமக்கில்லை. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, "எந்த மதிப்பெண் வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, இந்த வீட்டின் கதவு உனக்குத் திறந்தே இருக்கும்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். வளைகுடாவில் இருக்கும் தந்தை தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், "சாப்பிட்டாயா?" என்று கேட்கட்டும். பிள்ளை மனம் சோர்ந்து ஒதுங்கினால் 104 அல்லது 14416 என்ற அரசின் ஆலோசனை எண்களை அழைக்கத் தயங்காதீர்கள். அதில் எந்த மானக்கேடும் இல்லை.

நிர்வாகக் குழுவினரிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மருத்துவம், பொறியியலுக்கு மட்டும் என்றிருக்கும் நமது கல்வி உதவி, கவின் கலை பயில்வோருக்கும் கிடைக்க வேண்டும். இரண்டாவது, விடுமுறை நாட்களில் இம்மண்டபத்தில் அரபு எழுத்தணிக் கலையும் வரைதலும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். முதல் மாதச் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் கிழித்த ஒரு தாளுக்கு அது ஈடாகாது என்பதை அறிவோம்.

அந்த வரைபட நோட்டை அன்றே தந்தையிடம் திருப்பிக் கொடுத்து, "மகளிடமே கொடுங்கள், அவள் முன்னிலையில் நாம் பேசுவோம்" என்றோம். மறுவாரம் பேசினோம். இரண்டும் வேண்டும் என்றே அந்தப் பெண் சொன்னார். இவ்வாண்டு நீட் எழுதியிருக்கிறார். கும்பகோணத்திற்கும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார். விண்ணப்பத்தை வாங்கி வந்தவர் அந்தத் தந்தைதான். முடிவு எதுவாயினும், அந்த வீட்டில் இனி ஒரு தாளும் கிழிபடாது என்று நம்புகிறோம்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குப் பொறுமையையும், பிறர் நோய் தீர்க்கும் கைகளையும், அவன் படைப்பின் அழகை உணரும் கண்களையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.